வண்டி விஷயமாக

கொக்கிரகுளம்,
தேர் நிலைக்கு வந்த மறுநாள்.

அன்புள்ள ஐயாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே சுகம். எனக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. நம் அம்பாசடர் வண்டி விஷயமாகத்தான் எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ எடுத்தால்தானே! போன மாதம் ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு எடுத்தாய். மஸ்கட்டில் அப்போது ஒன்பதரை. உன் பக்கத்தில் குக்கர் விசில் கேட்டது. சரி, அதை விடு.

வண்டிக்கு இனிமேல் பணம் அனுப்ப வேண்டாம். என் பென்ஷன் தாராளமாகப் போதும். கையில் கொஞ்சம் வைத்துக்கொள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டில் ஸ்டியரிங் வரைக்கும் தண்ணீர் நின்றது உனக்குத் தெரியும். 1992 வெள்ளத்தின்போது உன் அப்பா ராத்திரியோடு ராத்திரியாக வண்டியைப் பாளையங்கோட்டை மேட்டில் கொண்டு போய் நிறுத்திவிட்டார். இந்த முறை ஓட்டிப் போக வீட்டில் ஆள் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வண்ணார்பேட்டை எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியின் மகன்தான் வேலை செய்கிறான். பழைய வயரிங்கை அவிழ்த்தால் அத்தனையும் ஒரே சிவப்பு. எந்த ஒர்க்‌ஷாப்பில் எந்தக் காலத்தில் யார் இழுத்ததோ! நம்முடையது 1968-ஆம் வருடத்து மார்க் 2. அதற்கு லூகாஸ் நிற முறை இருக்கிறது: பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, சாவியைத் திருப்பினால் உயிர் வருவது வெள்ளை, ஃபியூஸைத் தாண்டினால் பச்சை, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு. “எல்லாம் செம்புதானே டீச்சர், நிறத்தில் என்ன இருக்கிறது” என்றான். ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்து, இதன்படி இழுத்தால்தான் கூலி என்று சொல்லிவிட்டேன்.

இழுத்தான். பிளக்கில் பொறி வரவில்லை. காயிலைப் பழி சொன்னான், கண்டன்சரைப் பழி சொன்னான். நான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கரண்டை விட்டு விட்டு அறுக்கிற பாயிண்டின் ஸ்பிரிங் மேல் இரண்டு வயர் நுனிகள் உட்கார வேண்டும். அந்த இரண்டு துளைகளுக்குள்ளும் ஒரு குட்டி இன்சுலேட்டரின் கழுத்து இறங்க வேண்டும், அதற்கு மேல்தான் நட். மொச்சைக்கொட்டை அளவு சாமான். அதை விட்டுவிட்டு நட்டை முறுக்கியிருக்கிறான். கரண்ட் முழுவதும் நேராக எர்த்துக்குப் போய்விடுகிறது. பாயிண்ட் திறந்தாலும் ஓட்டம் அறுபடவில்லை, அறுபடாமல் பொறி எங்கிருந்து வரும்? எத்தனை வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தக் காயிலை வைத்துத்தான் மின்காந்தத் தூண்டல் நடத்தினேன்! இன்சுலேட்டரைப் போட்டு, பாயிண்ட் இடைவெளியை 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, வைத்ததும் நீலமாக அடித்தது. தம்பி என் காலைத் தொடாத குறை. நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

பிளக் வயர்களின் வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் இடப்பக்கமாகச் சுற்றும். அதையும் அவன் வலப்பக்கமாக மாட்டி, சைலன்சரில் ஒரு வெடி. எதிர்வீட்டு மதினி பயந்து வெளியே வந்துவிட்டாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான், வேலை அதிகம் என்று சொன்னேன்.

வண்டிச் சாவி போடும் பூட்டை மட்டும் புதிதாக மாற்றவிடவில்லை. உள்ளே வண்டல் இறுகிக் கிடந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, பென்சில் கரியைச் சுரண்டித் தூவினேன். எண்ணெய் விட்டால் தூசியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சாவி பிசகாமல் திரும்பியது.

சாவி ஏது என்றுதானே கேட்பாய்.

1998-இல் நீ ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றியிருந்தது, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று சாதித்தார். பேட்டை ரோட்டில் ஆடு அடிபட்ட மறுநாள் நான்தான் சாவியை எடுத்து உளுந்து டப்பாவுக்குள் போட்டேன். சனிக்கிழமை வண்டியைக் கழுவியவன் நீ. அவர் பெல்ட்டை உருவியபோது நான் அடுக்களையில் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். எண்ணினேன் ஐயா, ஏழு அடி. சொன்னால் சாவி அவர் கைக்குப் போய்விடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஒர்க்‌ஷாப்பில் பழுப்பையும் வெள்ளையையும் அறுத்து, வீட்டு லைட் சுவிட்ச் ஒன்றை வைத்து இணைத்துவிட்டார்கள். சாவியே இல்லாமல் வண்டி ஓடியது. இரண்டு வயரைச் சேர்த்தால் கரண்ட் ஓடும் என்பது பிசிக்ஸ் டீச்சருக்குத் தோன்றவில்லை பார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் போன பிறகும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ எனக்கு எதையும் சொன்னதில்லை. காலேஜில் பெயிலானது கூட மதினி சொல்லித்தான் தெரியும். அழுத்தக்காரன் என்று ஊரெல்லாம் உன்னைக் குறை சொல்லியிருக்கிறேன்.

வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கையில் கொஞ்சம் வைத்துக்கொள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாடி அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களில் வருட நடுவிலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்களாம். சும்மா விசாரித்தேன்.

பொறி விழும் டைமிங் இன்னும் வைக்கவில்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். தம்பிக்கு அந்தக் காது இல்லை. உனக்கு உண்டு, அப்பாவே சொல்லியிருக்கிறார்.

சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

அம்மா