மின்சிக்கனத்துக்குத் தனி நிதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை நெருங்கினாலே புதிய மின்நிலையங்களைப் பற்றியும் வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் விலையைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுகிறோம். குறைந்த மின்சாரத்தில் அதே வேலையை முடிக்கும் சாதனங்களை மக்களிடம் சேர்ப்பதற்கு மின் நிறுவனம் எவ்வளவு செலவிடுகிறது என்று மட்டும் கேட்பதில்லை. 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டியபோதாவது அதைக் கேட்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் இத்தகைய திட்டங்களுக்கான செலவு கடந்த இருபது ஆண்டுகளில் பன்மடங்கு பெருகியதற்கு, அது மின் நிறுவனங்களின் கடமையாகவே வகுக்கப்பட்டதுதான் காரணம். விற்பனை குறைந்தாலும் மின் நிறுவனத்துக்கு இழப்பு வராதபடி, அதன் வருவாயை அது விற்கும் யூனிட்டுகளின் எண்ணிக்கையிலிருந்து கலிபோர்னியா 1982-லேயே பிரித்துவிட்டது. பணக்கார நாட்டுக்கே இது சாத்தியம் என்பாருக்கு, விநியோக நிறுவனங்கள் தம் நிகர வருவாயில் ஒரு பங்கை மின்சிக்கனத்துக்கெனச் செலவிட வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய பிரேசிலைக் காட்டலாம்.

நம் நாட்டில் எல்இடி பல்புகளை மலிவு விலையில் மக்களுக்கு வழங்க மத்திய அரசு 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின் மொத்தக் கொள்முதலால், ரூ.310 ஆக இருந்த எல்இடி பல்பின் கொள்முதல் விலை ஓரிரு ஆண்டுகளில் ரூ.38 ஆக இறங்கியது. பல்புக்குக் காட்டிய அந்த வேகம் மின்விசிறிக்கும் பம்ப்செட்டுக்கும் வராமல் போனதுதான் வருத்தம்.

விற்பனை குறைந்தால் மின் நிறுவனத்துக்கு இழப்பு என்ற வாதம், கூடுதல் கட்டணம் செலுத்தும் கடைகளையும் ஆலைகளையும் பொறுத்தவரை ஓரளவு சரியே. ஆனால் இலவச யூனிட் வரம்புக்குள்ளேயே மின்சாரம் பயன்படுத்தும் வீடுகளிலும், முழுவதும் இலவச மின்சாரத்தில் இயங்கும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளிலும் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் அரசின் மானியச் செலவைக் குறைக்குமே தவிர நுகர்வோரிடமிருந்து வரும் கட்டண வருவாயைக் குறைக்காது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: கட்டணமே செலுத்தாதவர் விலை அதிகமான சாதனத்தைத் தம் கைப்பணத்தில் வாங்க என்ன காரணம் இருக்கிறது? மானியம் கொடுப்பவரே அந்த முதலீட்டையும் செய்வதுதான் முறை.

75 வாட் எடுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதிலாகச் சுமார் 32 வாட் எடுக்கும் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் மோட்டார் கொண்ட) விசிறியைப் பொருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடவிட்டால், இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 30 யூனிட் மிச்சமாகும். கோடை இரவில் இப்படி ஒரு கோடி விசிறிகள் ஒரே நேரத்தில் சுழன்றால் 400 மெகாவாட்டுக்கும் மேல் தேவை குறையும். ஒரு நடுத்தர அனல்மின் அலகுக்கு ஈடான அளவு இது. இதற்கு நிலமும் வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம்.

பம்ப்செட் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லாததால், மோட்டாரை மாற்றிய பின் எவ்வளவு மிச்சமானது என்பதை பல இணைப்புகளுக்குச் சேர்த்து மின்சாரம் கொண்டுசெல்லும் ஃபீடர் (மின்பாதை) அளவிலாவது அளக்காமல் சொல்ல முடியாது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கிய பகுதிகளில், திறன் மிக்க மோட்டார் கிடைத்ததும் கூடுதல் நேரம் இறைக்கும் ஆபத்தும் உண்டு.

தேவைசார் மேலாண்மைக்கான, அதாவது நுகர்வோரின் மின்தேவையைக் குறைக்கும் திட்டங்களுக்கான, விதிமுறைகளை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அடுத்த கட்டண ஆணையில் மின்சிக்கனத்துக்கென மின் நிறுவனத்தின் வருவாயில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டைத் தனிக் கணக்காக ஒதுக்கி, அதை ஆண்டுதோறும் உயர்த்துவதையும், மின் நிறுவனத்தைச் சாராத தணிக்கையாளர்கள் சரிபார்த்த சேமிப்பு விவரத்தை வெளியிடுவதையும் ஆணையம் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை