தோட்டம் பார்க்கும் பையனுக்குப் பெண் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் திருமணங்கள் குறைந்துவருவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1972-இல் ஏறத்தாழ 11 லட்சம் திருமணங்கள் நடந்த அந்த நாட்டில் 2023-இல் ஏறத்தாழ 4.75 லட்சம் திருமணங்களே பதிவாகியுள்ளன. அதைவிட, இந்தச் சரிவு எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. வாடகையும் விலைவாசியும் மிகுந்த டோக்கியோவில், இளவயதினர் அங்கே குவிவதால், மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் திருமணங்கள் அதிகம். நெல் விளையும் வடபகுதி அகிதா மாகாணத்திலோ நாட்டிலேயே மிகக் குறைவு. படித்த பெண்கள் வேலைக்காக நகரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட, முதியவர்களும் நிலத்தை விட்டு நகர முடியாத ஆண்களும் ஊரில் மிஞ்சுகிறார்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் எனக்கு இது அயல்நாட்டுச் செய்தியாகப் படவில்லை. தமிழகத்தின் மக்கள்தொகை கூடிய அதே பத்தாண்டில், 2001-இல் 7,62,141 ஆக இருந்த நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 7,35,394 ஆகக் குறைந்தது. கோவைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் பண்டிகைக்குத்தான் ஊர் திரும்புகிறார்கள்.

திருமணம் தள்ளிப்போவதற்கு வரதட்சணையைக் காரணம் காட்டுவோர் உண்டு. எங்கள் படுகர் சமுதாயத்தில் வரதட்சணை கேட்கும் வழக்கம் கிடையாது. அப்படியிருந்தும் என் அண்ணன் மகனுக்கு 36 வயதாகியும் பெண் அமையவில்லை. கொழுந்தெடுக்க ஆள் கிடைக்காத நாள்களில் விடியற்காலைப் பனியில் அவனே கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறான். சென்ற ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வந்திருந்த உறவினர் ஒருவரிடம் அண்ணி பேச்செடுத்தார். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டார். தோட்டம் பார்க்கிறான் என்றோம். பச்சைத் தேயிலை இப்போது கிலோ என்ன விலை போகிறது என்று கேட்டார், சொன்னோம். அதன்பின் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் மகளையும் கோவையில் மாதச் சம்பளம் வாங்கும் மாப்பிள்ளைக்குத்தான் கொடுத்தேன்.

ஆகவே, இக்கால இளைஞர்களுக்குக் குடும்பப் பற்று இல்லை என்றும், பெண்கள் படித்ததால் வந்த வினை என்றும் மேடைகளில் பேசுவது எங்கள் ஊர் நிலையை அறியாத பேச்சு. பெண்களின் படிப்பைக் குறை கூறுவதை என்னால் ஏற்கவே முடியாது. டோக்கியோ நிர்வாகம் 2024-இல் வரன் தேடும் செயலி ஒன்றையே தொடங்கியது. இங்கே அப்படி எதையும் நாங்கள் கேட்கவில்லை. உரம், கூலி, கவ்வாத்து (செடிகளை வெட்டிச் சீராக்கும்) செலவு அனைத்தையும் கணக்கிட்டுப் பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச ஆதார விலையை அறிவிக்க வேண்டும் என்ற சிறு விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கையை மத்திய, மாநில அரசுகள் இனியும் தள்ளிப்போடக் கூடாது. பட்டம் பெற்ற பெண்கள் மலையை விட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்காமலேயே தகுதிக்கேற்ற வேலை பார்க்கும் வாய்ப்பையும் இந்த மாவட்டத்திலேயே உருவாக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.