இந்த மாத வாசிப்பு: டான் கமில்லோ

நண்பர்களே, பாதிரியார் பற்றிய நகைச்சுவைக் கதை கேட்டிருந்தீர்கள். ஜியோவன்னினோ குவாரெஸ்கியின் ‘டான் கமில்லோ’வை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் 1948இல் நூலாக வந்தது. போ நதிச் சமவெளியில் ஒரு சிற்றூர், முன்கோபக்காரப் பங்குத்தந்தை டான் கமில்லோ, கம்யூனிஸ்ட் மேயர் பெப்போனே.

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற, வரும் பெப்போனே, “இருட்டில் உங்களை அடித்தது நான்தான்” என்கிறார். மன்னித்தே ஆகவேண்டும்! கை ஆசீர்வதிக்கத்தான் என்று சிலுவையிலிருந்து இயேசு தடுக்க, சாமியார் காலைப் பயன்படுத்திவிடுகிறார். எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு அடங்காது. போருக்குப் பிந்தைய இத்தாலியின் கட்சிச் சண்டையை இவ்வளவு பிரியத்தோடு எழுதியவர்கள் குறைவு.

முதல் ஐந்து கதைகளை முடித்துவிட்டு ஞாயிறு மாலை வாருங்கள். பிடித்த இடத்தைக் குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. மற்ற கதைகளின் முடிவை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள்.