ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை யூனிட், எந்த நேரத்து யூனிட்? எரிசக்தித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எரிசக்தித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பசுமை ஹைட்ரஜன் திட்டங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வெயில், காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜன் பற்றி அண்மையில் கிண்டியில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். தனியார் நிறுவனப் பிரதிநிதி ஒருவர், "வெயிலுக்கு யாரும் பில் போடுவதில்லை. அதனால் ஹைட்ரஜன் தயாரிப்பில் எவ்வளவு மின்சாரம் வீணானாலும் கவலை இல்லை" என்றார். நல்ல கைதட்டல். கேள்வி நேரத்தில் எழுந்து, உங்கள் ஆலையில் ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட் ஆகும், அது எந்த நேரத்து யூனிட் என்று கேட்டேன். "அது வணிக ரகசியம்" என்று சொல்லி, மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். மேடையில் இருந்த வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

மணலிப் பக்கம் ஒரு ரசாயன ஆலையின் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதில் ரகசியம் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க, இன்றைய எலக்ட்ரோலைசர்களில் (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் கருவிகளில்) 50 முதல் 55 யூனிட் வரை ஆகும். அந்தக் கிலோவுக்குள் இருக்கும் பயன்படு ஆற்றல் 33 யூனிட் சொச்சம். அதை அழுத்தி உருளையில் அடைக்கச் சில யூனிட்கள் தனியாக வேண்டும். ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் கருவியான ஃப்யூயல் செல்லில் விட்டு மறுபடி மின்சாரமாக்கினால் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி, அதாவது 16, 17 யூனிட். 50-ஐப் போட்டு 17-ஐ எடுக்கிறோம். அதே 50-ஐ பேட்டரியில் சேமித்தால் 40-க்கு மேல் திரும்ப வரும்.

வெயில் இலவசம்தான். பேனலும் இடமும் இலவசமா? நம்மூரில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும், அதற்கு 100 சதுர அடி மொட்டைமாடி வேண்டும் என்பது சோலார் போடுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. அப்படியானால் அரை கிரவுண்ட் (1,200 சதுர அடி) மொட்டைமாடி முழுக்கப் பேனல் பரப்பி, ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தால் கிடைப்பது ஏறக்குறைய ஒரே ஒரு கிலோ.

கத்திரி வெயில் நேரத்தில் கொடுங்கையூரில் எங்கள் குடியிருப்புக்கு வந்து பாருங்கள். மேல்வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு அம்மா. இரவு பத்து மணிக்கு ஏசி போடுவார்கள், பன்னிரண்டுக்கு அணைப்பார்கள். ஏனென்றால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். அந்த வீட்டு மருமகள் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி முன்னால் செல்போன் வெளிச்சத்தில் நின்று, போன ரீடிங்கைக் கழித்துப் பார்ப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். "அங்கிள், இன்னும் நாற்பதுதான் இருக்கு, கணக்கெடுக்க எப்ப வருவாங்க?" என்று என்னைக் கேட்பாள். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அந்த அம்மாவின் தூக்கம் யூனிட் கணக்கில் ஓடுகிறது. அவர்கள் அப்படிக் காவல் காக்கும் 500 யூனிட்டில் கிடைப்பது 10 கிலோ ஹைட்ரஜன். ஒரு மாநகரப் பேருந்து அதை வைத்துச் சுமார் 110 கிலோமீட்டர் ஓடும். 2025-இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பியவை போன்ற பேட்டரிப் பேருந்துகளுக்கு அதே 500 யூனிட்டைக் கொடுத்தால் சுமார் 300 கிலோமீட்டர் போகும். மருமகளிடம் கணக்குக் கேட்கும் நாடு, ஆலையிடம் கேட்டால் அது மட்டும் ரகசியம்.

நான் ஹைட்ரஜனுக்கு எதிரி இல்லை. மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் ஹைட்ரஜன் இல்லாமல் ஓடாது. அங்கே அது மூலப்பொருள், பேட்டரி உதவாது. இன்று புதைபடிவ எரிபொருளிலிருந்து எடுக்கும் அந்த ஹைட்ரஜனுக்குப் பதிலாக வெயிலில் எடுத்தது வந்தால் முதலில் கைதட்டுவது நானாக இருப்பேன். தண்ணீர்ப் பயம் காட்டுபவர்களோடும் முழுக்க உடன்பாடில்லை. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்த ஊருக்கு அந்தப் பயம் நியாயமே. ஆனால் ஒரு கிலோவுக்கு வேதியியல்படி 9 லிட்டர்; கழிவு, குளிர்விப்பு எல்லாம் சேர்த்து அதைப்போல் மூன்று மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், நெம்மேலியில் செய்வதுபோல் கடல்நீரைக் குடிநீராக்க அதற்கு ஆகும் மின்சாரம் பத்தில் ஒரு யூனிட்தான். 50-க்கு முன்னால் அது எம்மாத்திரம்?

எனக்குப் பயம் ராத்திரியை நினைத்துத்தான். விலை உயர்ந்த எலக்ட்ரோலைசரைப் பகலில் சில மணி நேரம் மட்டும் ஓட்டுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. முதலீடு போட்டவர் இரவிலும் ஓட்டத்தான் பார்ப்பார். பகலில் கிரிட்டுக்கு (பொது மின்தொகுப்புக்கு) கொடுத்தேன், இரவில் திருப்பி எடுத்தேன் என்று கணக்குக் காட்டுவார். இரவில் கிரிட்டில் வருவதில் பெரும்பங்கு நிலக்கரி. இந்திய மின்தொகுப்பின் சராசரிப்படி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கான 50 யூனிட்டுக்கு 35 கிலோ. இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தாலே 9, 10 கிலோதான் வெளியாகும்! பச்சை என்று பெயர் வைத்துவிட்டு மூன்று மடங்குக்கு மேல் புகை விடலாம். மத்திய அரசு 2023 ஆகஸ்டில் அறிவித்த பசுமை ஹைட்ரஜன் வரையறையில், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு கார்பன் டை ஆக்சைடின் உச்சவரம்பு 2 கிலோ. ஆனால் அது பன்னிரண்டு மாதச் சராசரி. ஐரோப்பிய ஒன்றியம் 2030 முதல், ஹைட்ரஜன் எடுத்த அதே மணி நேரத்தில் பசுமை மின்சாரமும் உற்பத்தியானது என்று மணிக்கு மணி கணக்குக் காட்டச் சொல்கிறது. நாமும் அதைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது 19,744 கோடி ரூபாய். அது எங்கள் வரிப்பணமும்தான்.

அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் எங்கள் கொசஸ்தலை ஆற்றுக்கு. கசிவு எங்கள் மூக்குக்கு. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். ஹைட்ரஜனைக் கப்பலில் ஏற்ற அமோனியாவாக மாற்றத்தான் போகிறார்கள். அதற்கான கிடங்கு எந்த ஊரின் கொல்லையில் வரும் என்பதை வடசென்னைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கருத்தரங்குகளை இனி ஒருமுறையாவது கிண்டியில் வைக்காமல் எண்ணூரில் வையுங்கள், ஏசி இல்லாத மண்டபமாகப் பார்த்து.

மன்னிக்கவும், மடல் திசை மாறிவிட்டது. கேட்க வந்தது ஒன்றுதான். அனுமதி பெறும் ஒவ்வொரு ஹைட்ரஜன் ஆலையும் ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட் எடுத்தது, அந்த யூனிட் எந்த மணி நேரத்தில் எங்கிருந்து வந்தது, தயாரான ஹைட்ரஜன் யாருக்குப் போனது என்பதை மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும் என்று அனுமதி ஆணையிலேயே நிபந்தனை சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மீட்டர் ஏற்கெனவே ஆலையில் இருக்கத்தான் போகிறது, புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வெளியிடுவதைத் தமிழிலும் வெளியிடுங்கள். படிக்க எங்கள் குடியிருப்பிலேயே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
கொடுங்கையூர் மின்நுகர்வோர் ஒருவர்