கொக்குக்கு எத்தனை எழுத்து?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘மென்பொருள் எழுதுகிறவர்கள் நாம் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை’ என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தமிழில் தட்டச்சு செய்ய ஒரு சின்ன உரைத்திருத்தியை வேலை நேரம் போக எழுதிவருபவன் நான். கேட்கிறோம் ஐயா, செய்யத்தான் நாளாகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ‘கொக்கு என்றால் மூன்று எழுத்து, உங்கள் நிரல் ஆறு என்கிறதே’ என்று கேட்டார். கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு முறையில் க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்று ஆறு துண்டுகள். நான் அதைத்தான் எண்ணியிருக்கிறேன்! குறிகளை முன்னெழுத்தோடு சேர்த்து எண்ணவைப்பது ஒரு மாலை வேலை. அப்புறம், பல துண்டுகள் சேர்ந்து ஒரே எழுத்தாகத் தெரியும் க்ஷ, ஸ்ரீ இரண்டும் இரண்டு வாரத்தைத் தின்றன.

பேக்ஸ்பேஸ் விஷயத்தில் மட்டும் மறுத்தேன். ஒரே தட்டில் முழு எழுத்தும் அழிய வேண்டும் என்கிறார்கள் சிலர். ‘கொ’வை ‘கோ’வாக்க நினைப்பவருக்கு குறி மட்டும் போனால் போதுமே? சண்டை ஓயவில்லை, கடைசியில் அமைப்புகளில் ஒரு டிக் பெட்டி வைத்துவிட்டேன். கருப்புப் பின்னணி கேட்டவர்கள்தான் அதிகம், அது பத்து நிமிடம்.

மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனமும் இப்படித்தான். 1985 முதல் விண்டோஸோடு வரும் நோட்பேட் என்ற உரைத்திருத்தி, யூனிக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தில் எழுதிய கோப்புகளின் வரிகளைச் சரியாகப் பிரித்துக் காட்டத் தொடங்கியது 2018இல்.

அந்த வாசகர் எந்த வசதி வேண்டும் என்று சொல்லவே இல்லை. எழுதச் சொல்லுங்கள்.

– வாசகர், மதுரை