கமராவோடு கலியாண வீட்டுக்குப் போகும் தோழிக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை வாசித்ததும் மனம் ஆறியது. அவருக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. கொஞ்ச நாளைக்கு அவரை அடுப்படிப் புகைக்குள் போகவிடாதே. இங்கே கச்சான் காற்று ஓய்ந்து, வாடை தொடங்கி, முதல் மழையும் பெய்துவிட்டது. கோட்டைக்குள் மான்கள் மறுபடியும் கொழுகொழுவென்று திரிகின்றன.

தை மாதம் உன் அலுவலகத் தோழியின் கலியாணத்துக்கு நீயே படம் எடுத்துப் பரிசாகக் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். ஆவணியில் நம் இருவருக்கும் தோழியான நம்முடையவளின் கலியாணத்தில் சொந்தக்காரர்களை நான் எப்படிச் சமாளித்தேன் என்றும் கேட்டிருந்தாய். உன்னால் வரமுடியாமல் போன கலியாணம் அது. எனவே விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், பரிசு எதுவரை என்பதை மணமக்கள் இருவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடு. நம் பக்கத்துக் கலியாணம், தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கில் தொடங்கி, நாலாம் சடங்குவரை நீளும். எல்லாவற்றுக்கும் நீ வருவாய் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நீ கலியாண நாள் மட்டும் என்று நினைத்திருக்கலாம். பெண் வெளிக்கிடுவதிலிருந்து பால்பழம் கொடுப்பதுவரை எடுப்பேன், படங்களை ஒரு மாதத்துக்குள் தருவேன், அல்பம் அச்சடிப்பது உங்கள் பொறுப்பு என்று நம்முடையவளிடம் நான் சொன்னேன். அவள் முகம் சுளிக்கவில்லை. எல்லை தெரிந்தது அவளுக்கும் வசதியாக இருந்தது. பொன்னுருக்குக்கு மாப்பிள்ளை வீட்டார் வேறொரு தம்பியை ஒழுங்கு செய்துகொண்டார்கள்.

இரண்டாவது விஷயத்தை நீ தவறவிடவே கூடாது. பெண் வீட்டார் உன்னைத் தோழியாக அறிவார்கள். மாப்பிள்ளை வீட்டு மாமிமாருக்கு நீ கூலிக்கு வந்த படப்பிடிப்பாளர். காசு வாங்கியவளிடம் அதிகாரமாகக் கேட்பது அவர்களுக்குப் பிழையாகத் தெரியாது. நீயாகப் போய் விளக்கினால் சொல்லிக்காட்டுவதுபோல் ஆகிவிடும். ஆகவே மணமக்களே சொல்லட்டும். நம்முடையவள் எனக்கு முன்னாலேயே தாயாரிடம் சொன்னாள். மாப்பிள்ளை தன் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார். கலியாணத்தன்று அந்த அக்காதான் எனக்கு முதல் தேநீர் கொண்டுவந்து தந்தார்.

இனிக் குடும்பப் படங்கள். சண்டை வருகிற இடமே இதுதான். யார் யாரோடு நிற்கவேண்டும் என்று இரு வீட்டாரையும் எழுதித் தரச் சொல். ஒரு கூட்டத்தைக் கூப்பிட்டு, நிறுத்தி, கண் மூடியவர்களுக்காகத் திரும்பவும் நாலைந்து தரம் எடுக்க எப்படியும் மூன்று நிமிடம் போகும். நம்முடையவள் தந்த பட்டியலில் முப்பது கூட்டங்கள் இருந்தன. குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. "முப்பது கூட்டத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆகும், அதுவரை மணமக்கள் சாப்பிடமுடியாது" என்று மட்டும் சொன்னேன். அவளுடைய அப்பா பேனையை எடுத்துத் தானே பாதிக்கு மேல் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். சொந்தக்காரர்கள் நியாயமில்லாதவர்கள் அல்லர். நேரக் கணக்கை யாராவது அவர்கள் முன் வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலை வாசித்துக் கூப்பிடுகிற வேலையை நீ எடுத்துக்கொள்ளாதே. இரண்டு பக்கத்திலும் ஆட்களைத் தெரிந்த, குரல் உள்ள ஒவ்வொருவரைப் பிடித்துக்கொள். எனக்குப் பெண் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியையான ஒரு சித்தி கிடைத்தார். மாப்பிள்ளை பக்கத்தில் ஓர் இளம் மச்சான். பெரிய மாமா யார், சின்ன மாமா யார் என்பது உனக்குத் தெரியாது. காணிப் பிரச்சினையால் ஆண்டுக்கணக்கில் முகம் பாராத இரண்டு சகோதரர்கள் யார் என்பதும் தெரியாது. அவர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டால் அன்றைய நாளே கெட்டுவிடும். சித்தி அதைப் பார்த்துக்கொண்டார். ஒருவரைப் பெண்ணுக்கு வலப்புறமும் மற்றவரை மாப்பிள்ளைக்கு இடப்புறமும் நிறுத்தி, இருவரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

வயதானவர்களை முதலில் எடு. சீனி வருத்தம் உள்ள அம்மம்மாவைச் சாப்பாட்டுக்குக் காக்கவைக்க முடியாது. அடுத்ததாக, மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் பஸ் பிடிக்க நிற்பவர்கள். இளம் ஆட்கள் எவ்வளவு நேரமும் நிற்பார்கள்.

முகூர்த்த நேரம் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத இடம். கூறைச் சேலை மாற்றிப் பெண் மணவறைக்கு வந்ததும் எல்லாரும் எழும்பித் தொலைபேசியை உயர்த்துவார்கள். மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு பக்கம், ஐயரின் கை ஒரு பக்கம், கெட்டிமேளச் சத்தத்தில் நீ சொல்வது எவர் காதிலும் விழாது. இதை முதல் நாளே பேசித் தீர்த்துவிடவேண்டும். நான் ஐயரிடம் போய் அவர் எந்தப் பக்கம் இருப்பார், தாலியை எந்தக் கையால் எடுத்துக் கொடுப்பார் என்று கேட்டேன். யாரும் இதுவரை தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்று அவர் மகிழ்ந்துபோனார். வீடியோக்காரரோடும் பேசி நிற்கிற இடங்களைப் பிரித்துக்கொண்டோம். அப்படியும் கொழும்பிலிருந்து வந்த ஒரு மாமா நேரே முன்னால் வந்து நின்றார். தோளைத் தொட்டு, "மாமா, இங்கே இருங்கள், ஆசீர்வதிக்கிற உங்கள் கையும் படத்தில் வரட்டும்" என்றேன். உடனே இருந்துவிட்டார். உண்மையாகவே அவர் கை அந்தப் படத்தில் இருக்கிறது. சும்மா வாய்ப்பேச்சாகச் சொல்லாதே, சொன்னால் எடுத்துவிடு.

கமரா பற்றி இரண்டு சொல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் விளக்குகள் வினாடிக்கு நூறு தரம் மினுங்கும். மண்டபத்து விளக்குகளின் கீழ் ஷட்டர் வேகத்தை 1/100 வினாடியில் வைத்தால் படத்தில் கறுப்புக் கோடுகள் விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். ஓமப் புகை எழும்போது பிளாஷை நேரே அடிக்காதே, புகை வெள்ளைத் திரையாகிவிடும். குடும்பம் மூன்று வரிசையாக நின்றால் அபேர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, f/8 அளவில் வை. இல்லாவிட்டால் பின்வரிசை அப்பப்பா மங்கிப்போவார்.

கேட்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி அல்லர். ஒரு மாமி, தான் அறுகரிசி போட்டு ஆசீர்வதித்ததை நான் எடுக்கவில்லை என்று கவலைப்பட்டார். பந்தி முடிந்தபின் மணமக்களை நிறுத்தி மறுபடி போடச் சொல்லி எடுத்தேன். அது இரண்டு நிமிட வேலை. ஆனால் மாப்பிள்ளையின் சித்தப்பா கோணேசர் மலைக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு எடுக்கச் சொன்னபோது முடியாது என்று தெளிவாகச் சொன்னேன். ட்ரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. அந்த மலை நிற்பது இராணுவம் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள். துறைமுகத்தில் கடற்படைத் தளம், சீனன்குடாவில் விமானப்படைத் தளம். கனடாவுக்குத் திரும்பவிருந்த ஓர் உறவினர் அன்றிரவே மெமரி காட்டைக் கேட்டார். அது கமராவை விட்டு வெளியே போகாது என்று சொல்லி, அவர் குடும்பம் உள்ள சில படங்களைத் தொலைபேசிக்கு மாற்றிக் கொடுத்தேன். மகிழ்ச்சியாகப் போனார். மெமரி காட்டைமட்டும் எவர் கேட்டாலும் கொடுக்காதே. கமராவில் இரண்டு காட் போட இடமிருந்தால் இரண்டிலும் பதியவிடு.

இதையெல்லாம் தந்திரங்களாக நீ எடுத்துக்கொள்வாயோ என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது. ஆகவே பெண்ணின் பெரியம்மாவைப் பற்றியும் எழுதவேண்டும். அன்று என்னை அதிகம் அலைக்கழித்தவர் அவர்தான். பெண்ணோடு தனியாக ஒன்று, பிறகு மாப்பிள்ளையையும் சேர்த்து, பிறகு தன் தங்கைமாரோடு, பிறகு ஒவ்வொரு பேரப்பிள்ளையோடும் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். வீடியோக்காரத் தம்பி எரிச்சல்பட்டான். சித்திதான் பந்தியில் எனக்கு அருகில் இருந்து சொன்னார்: பெரியம்மாவின் வீடு சம்பூர். 2006 இல் போரின்போது உடுத்த துணியோடு வெளிக்கிட்டவர். கிளிவெட்டியில் இடம்பெயர்ந்தோர் முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்து, 2015 க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பினார். அவருடைய கலியாணப் படம் ஒன்றுகூட இப்போது இல்லை. இறந்துபோன கணவரின் முகத்தைக் காட்ட அடையாள அட்டைப் படம் மட்டுமே இருக்கிறது.

யோசித்துப் பார், நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகள் இப்படி! 1990 இல் ஓடியவர்கள், 2004 இல் கடல் அள்ளிக்கொண்டு போனவர்கள், 2006 இல் பெயர்ந்தவர்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் படத்துக்காக நச்சரிக்கும்போது, அவர் வீட்டு அலுமாரியில் அல்பம் இருக்கிறதா என்று நான் இப்போது முதலில் நினைத்துக்கொள்கிறேன். பந்தி முடிந்ததும் பெரியம்மாவை நானே தேடிப் போனேன். மண்டப வாசலில், வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் கதிரை போட்டு, அவர் கேட்ட எல்லாவற்றையும் எடுத்தேன். அவரைத் தனியாகவும் ஒன்று எடுத்தேன்; அதை அவர் கேட்கவில்லை. பட்டியலில் இல்லாத இந்த அரை மணித்தியாலத்துக்கு முதலே இடம் விட்டு வை. உன் பக்கத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்.

மாலையில் மணமக்களோடு உப்புவெளிக் கடற்கரைக்குப் போனோம். நம் கடல் கிழக்கே இருப்பதால் மாலை வெயில் நேரே முகத்தில் விழும். பின்னால் கடல் மெல்லிய நீலமாக நிற்கும். சொந்தக்காரர் எவரையும் கூட்டிப்போகவில்லை. அவர்கள் இருவரும் அன்று முதன்முதலாக ஆறுதலாகக் கதைத்தது அங்கேதான். உன் தோழிக்கும் அப்படி ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கிக் கொடு. மட்டக்களப்பில் தை மாதம் மழை விட்டிருக்குமோ தெரியாது. மழையென்றால் வாவிக்கரை விறாந்தை ஒன்றைப் பார்த்து வை.

படங்களை மணமக்கள் கையில் மட்டும் கொடு. ஆருக்கு எதை அனுப்புவது, முகநூலில் எதைப் போடுவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. வயதானவர்களின் படங்களை மட்டும் தபாலட்டை அளவில் அச்சடித்து நான் சேர்த்துக் கொடுத்தேன். தொலைபேசித் திரையில் அவர்களால் பார்க்கமுடியாது.

என் இரண்டாவது பிளாஷும் 50 மில்லிமீற்றர் லென்ஸும் தை மாதம் சும்மாதான் இருக்கும். வேண்டுமென்றால் சொல், தம்பி மார்கழிக் கடைசியில் மட்டக்களப்புக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். முகூர்த்தம் காலையிலா பகலிலா, மண்டபத்துக்கு எந்தப் பக்கம் யன்னல் என்று விசாரித்து எழுது. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அன்புத் தோழி