5 மில்லிமீட்டர் ஸ்பேசர் தின்னும் 4 சுற்று மரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பெனி வீல் மட்கார்டுக்குள் பதுங்கிக் கிடக்கிறது, டயர் கொஞ்சம் வெளியே வந்தால்தான் வண்டிக்கு எடுப்பு என்று மதுரையில் பலர் ஸ்பேசர் போடுகிறார்கள், அதாவது வீலுக்குப் பின்னால் ஓர் உலோகத் தகட்டை வைக்கிறார்கள். அலாய் வீல் வாங்குவதைவிடச் செலவு குறைவு, அரை மணி நேர வேலை. 25 மி.மீ. ஸ்பேசரைப் பார்த்துத் தயங்குகிறவர்கள்கூட 5 மி.மீ. தகட்டை 'இது என்ன செய்துவிடப் போகிறது' என்று வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அந்த மெல்லிய தகட்டைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டியிருக்கிறது.

வீலைப் பிடித்திருப்பது, அது மாட்டப்படும் சுழல் பாகமான ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மரையிட்ட தண்டான ஸ்டட்டும் அதன்மேல் ஏறும் நட்டும். நடுவில் தகடு நுழைந்தால், ஸ்டட்டின் நீளத்தில் அவ்வளவும் நட்டுக்குக் கிடைக்காமல் போகிறது. மாருதி வண்டிகளின் ஸ்டட் 12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.25 மி.மீ. அதாவது 5 மி.மீ. தகடு 4 சுற்றைத் தின்றுவிடும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. மாருதிக்கு அது ஏறக்குறைய 10 சுற்று, 1.5 மி.மீ. இடைவெளி உள்ள ஹூண்டாய், டொயோட்டா வண்டிகளுக்கு 8. காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் ஏர் கன்னைத் தொடாமல் கையாலேயே நட்டை ஏற்றி, மரை பிடித்ததிலிருந்து வீலில் போய் உட்காரும் வரை எண்ணுங்கள். 7-ல் நின்றுவிட்டால் தகட்டைக் கழற்றி வைத்துவிடுவதே நல்லது. ஏர் கன் அந்த 7 சுற்றையும் 'டைட்' என்றுதான் காட்டும். மரை வழுக்குவதும் ஸ்டட் முறிவதும் பிறகு சாலையில் நடக்கும்.

நீள ஸ்டட் போட்டால் தீர்ந்தது என்பார்கள். சரிதான், ஆனால் அது சுலபமான வேலை இல்லை. கம்பெனி ஸ்டட் ஹப்பின் பின்பக்கத்திலிருந்து அழுத்தி ஏற்றப்பட்டது. அதன் கழுத்தில் உள்ள பல்வரி ஹப்பின் துளையைக் கவ்விப் பிடித்திருக்கும். புதுசின் கழுத்து ஒரு நூல் சிறுத்திருந்தாலும் நட்டை முறுக்கும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும். பின்பக்கம் இடம் இல்லாத வண்டிகளில் ஹப்பைத் தாங்கும் நக்கிளையே கழற்ற வேண்டிவரும். லேத்தில் கொடுத்து, கிடைத்த இரும்பில் ஸ்டட் கடைந்து வாங்குவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. தொழிற்சாலை ஸ்டட் பதம் ஏற்றிய எஃகு. கடைந்தது பார்வைக்கு அப்படியே இருக்கும், பலத்தில் பக்கத்தில் வராது.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் ஸ்டட் கிடையாது, போல்ட்டை நேராக ஹப்பில் முறுக்குவார்கள். அங்கே ஸ்பேசரின் தடிமன் எவ்வளவோ அவ்வளவே போல்ட்டும் நீள வேண்டும். குறைந்தால் மரை போதாது. கூடினால் அதன் நுனி ஹப்புக்குப் பின்னால் உள்ள பாகங்களில் இடிக்கும்.

இரண்டாவது சங்கதி, ஹப்பின் நடுவில் வளையமாக நிற்கும் விளிம்பு. ஸ்விஃப்டில் அதன் அளவு 54.1 மி.மீ. வீலை நடுவில் நிறுத்துவது அதுதான். மெல்லிய தகடு அந்த விளிம்பில் பாதியை மறைத்துவிடும். கொஞ்சம் தடித்தால் முழுதும் மறையும். அப்புறம் வீல் நட்டுகளின் தயவில் தொங்குகிறது. ரிங் ரோட்டில் 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறுவது இதனால்தான். இதற்கு நாலு தடவை பேலன்சிங் செய்தும் பயன் இருக்காது. ஸ்பேசரின் உள்துளை ஹப்போடு கச்சிதமாகப் பொருந்த வேண்டும், அதன் வெளிப்பக்கமும் அதே அளவில் சொந்த விளிம்பு இருக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று நீளத் துளைகளோடு விற்கும் தகட்டுக்கு இந்த இரண்டுமே கிடையாது.

20, 25 மி.மீ. ஸ்பேசர்கள் வேறு வகை. ஸ்பேசரைக் கம்பெனி ஸ்டட்டில் முறுக்கிவிட்டு, அதில் உள்ள வேறு ஸ்டட்டில் வீலை மாட்டுகிறோம். வார்ப்பு அலுமினியம் வேண்டாம். 6061-டி6 போன்ற அலுமினியத் தரத்தில் அடித்துக் கடைந்ததைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்டட்டின் முனை ஸ்பேசரின் முகத்துக்கு வெளியே நீட்டுகிறதா என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அலாய் வீலின் முதுகில் துளைகளுக்கு நடுவே பள்ளம் இருந்தால் முனை அதில் அடங்கலாம். இரும்பு டிஸ்க் வீலில் பெரும்பாலும் அடங்காது. முனை இடித்து, வீல் ஸ்பேசரில் படியாமல் நிற்கும். நட்டு டைட்டாகத்தான் இருக்கும், வீல் ஆடும்.

மாட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க வேண்டும். துருவின்மேல் உட்கார்ந்த ஸ்பேசர் ஓட ஓடப் படியும், அதற்கேற்ப நட்டின் பிடி தளரும். மரையில் கிரீஸ் கூடாது. எதிரெதிர் நட்டுகளாக, இரண்டு மூன்று தவணையில், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கிறது, சிறு கார்களில் பலவற்றுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும். 20, 25 மி.மீ. இரண்டடுக்கு ஸ்பேசரில் உள் நட்டு வீலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வீலைக் கழற்றாமல் வெளி நட்டை மட்டும் ஒரு இழுப்பு இழுத்து 'செக் பண்ணியாச்சு' என்றால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

டயர் உரசுமா என்பதைக் கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்தே முன்கூட்டிப் பார்க்கலாம். மட்கார்டு விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, டயரின் மேல்பகுதிக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை நாலு வீலிலும் அளந்து, குறைந்ததைக் கணக்கில் கொள்ளுங்கள். அதில் கொஞ்சம் மிச்சம் விட்டுத்தான் ஸ்பேசர். காலி வண்டியில் உரசாதது, சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரோடு இறங்கும்போது உரசும். உரசாவிட்டாலும் வீல் வெளியே போன அளவுக்குப் பேரிங்குக்குச் சுமை கூடுகிறது. முன்வீலில் போட்டால் பள்ளத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் வெட்டும்.

சட்டப் பக்கமும் உண்டு. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட என்று மோட்டார் வாகனச் சட்டம் 2019 திருத்தத்துக்குப் பிறகு சொல்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்ம் நேரத்தில் கேள்வியாக வந்து நிற்கும். கடைக்காரர்கள் ஸ்பேசரின் தடிமனையும் முறுக்கிய டார்க் அளவையும் பில்லில் எழுதிக் கொடுத்தால் பிற்பாடு எல்லாருக்கும் உதவும்.

ஏற்கெனவே நீள ஸ்டட்டும் மெல்லிய தகடும் போட்டு ஓட்டுகிறவர்கள் பஞ்சர் கடையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. வீலைக் கழற்றும்போது தகடு சில சமயம் வீலின் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். அது தெரியாமல் ஸ்டெப்னியை மாட்டினால், மூடிய தலை உள்ள நட்டு நீள ஸ்டட்டின் நுனியில் முட்டி அங்கேயே நின்றுவிடும். ரெஞ்சுக்கு டைட்டாகத் தெரியும், வீல் இறுகியிருக்காது. ஜாக்கியை இறக்குமுன் ஸ்டெப்னியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.